கயிறு பிடிக்கிறவருக்கு வேறு வேலை இல்லை

அடுப்பில் பால் இருக்கும்போது நான் போனை எடுப்பதில்லை என்று உங்களுக்கெல்லாம் என்மேல் கோபம். தெரியும். நம் பள்ளிக்கூடத்துக் குரூப்பில் போன வாரம்கூட ஒருத்தி எழுதியிருந்தாள், "அவளுக்கு ஒரு காதும் ஒரு கையும்தான், மெதுவா வருவா" என்று. கூடவே சிரிக்கிற பொம்மைகள். ஆறு பொம்மை என்று எண்ணிப் பார்த்தேன். அந்த எண் எனக்கு ஆகாது.

நீங்கள் சொல்வதில் தப்பில்லை. கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்த காலமெல்லாம் இதே பேச்சைக் கேட்டவள்தான் நான். ஒரு கண்டெய்னருக்கான காகிதம் முடியாமல் அடுத்ததைத் தொட மாட்டேன். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். "மேடம், கப்பல் உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்காது" என்பார். நிற்காவிட்டால் போகட்டும் என்று இருந்துவிடுவேன். ஆனால் நேற்று நம்மில் ஒருத்தி தன் மகளின் வீடியோவைப் போட்டிருந்தாளே, பிள்ளை காதில் பாட்டு, கையில் போன், மடியில் புத்தகம், வாயில் சாப்பாடு என்று உட்கார்ந்திருக்கிறதே, அதன் கீழே நீங்கள் எல்லோரும் "கெட்டிக்காரி, கெட்டிக்காரி" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பார்த்ததும் போனை அடுப்படியில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இதே சொல்லை இதே மாதிரி வாய் நிறையச் சொல்லி ஒரு மனுஷரைக் கொண்டாடியதை நான் பார்த்திருக்கிறேன். நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், தவக்காலத்தில். சிப்பி வேலைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு நான் சோழி ஒட்டிய டப்பாவைக் கொண்டுவராமல் போனது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். சிஸ்டர் கேட்டபோது காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. நமக்கெல்லாம் ஐம்பது தாண்டியாயிற்று, இனியும் உள்ளே வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்.

எங்கள் அப்பா சங்கு குளிக்கிறவர். எதைச் செய்தாலும் அதை மட்டும் செய்கிற மனிதர். சோறு சாப்பிட்டால் சோறு மட்டும்தான். மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார். கோயிலில் முழங்கால் போட்டால், பின்னால் சண்டையே நடந்தாலும் கண்ணைத் திறக்க மாட்டார். நான் ரேங்க் கார்டை நீட்டினால் "செத்த பொறு" என்று சொல்லி, கையில் இருக்கிற முடிச்சைப் போட்டு முடித்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வாங்குவார். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிடும். "ஒங்க அப்பா ஒரு கல்லுளிமங்கன்" என்பாள் அம்மா. தெருவில் அவருக்கு மந்தம் என்று பெயர். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளதைச் சொல்வதென்றால், அந்த வயசில் எனக்கு அப்பாவைவிட மாமாவைத்தான் பிடிக்கும்.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, சாப்பாடு எங்கள் வீட்டில். சைக்கிள் மிதித்துக்கொண்டே வேர்க்கடலை உடைத்து, முன்கம்பியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஊட்டுவார். அதே நேரத்தில் ஹேண்டில்பாரில் தொங்கும் டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்டு, எதிரே வருகிறவர்களுக்கு ஸ்கோர் சொல்லுவார். முகம் மழிக்கும்போது கால் பெருவிரலால் பூனைக்குட்டிக்கு விளையாட்டுக் காட்டுவார். படகில் எஞ்சின் பார்ப்பது, குழம்பு வைப்பது, சங்கைப் பெரிசு சிறிசாகப் பிரிப்பது எல்லாம் அவர்தான். எட்டுக் கை இருக்கிற பேய்க்கணவாயின் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்கள். "ஏலே பேய்க்கணவா, இங்கன வாலே" என்று கூப்பிட்டால் மாமாவுக்குப் பெருமை தாங்காது.

தண்ணீருக்குள் இறங்குகிறவரின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுநுனியைப் படகில் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை எங்கள் பக்கத்தில் மனைவியின் கூடப்பிறந்தவனுக்குத்தான். முத்துக் குளித்த காலத்திலிருந்து அப்படி. சொந்த அண்ணன் தம்பி என்றால்கூடச் சொத்தின்மேல் கண் இருக்கலாம், தன் அக்கா தங்கச்சி தாலியறுத்து நிற்பதை எவனும் விரும்ப மாட்டான் என்கிற நம்பிக்கை. சீசன் தொடங்குகிற அன்று அம்மா கரைக்கு வந்து கயிற்றின் நுனியை மாமாவின் இரண்டு கையிலும் வைப்பாள். "எந் தாலி ஒங் கையில இருக்குலே" என்பாள். மாமா கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்கப்புறம் அப்பா தண்ணீருக்குள் இருக்கிற நேரமெல்லாம் கயிறு பிடிக்கிறவருக்கு வேறு வேலை இல்லை. பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, பேச்சு கிடையாது.

மூச்சடக்கிக் குளித்த வரைக்கும் இது ஒரு கஷ்டமாகவே இல்லை. ஒரு ஆள் கீழே இருக்கிற நேரம், நாம் ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறை மந்திரமும் சொல்லி முடிக்கிற நேரம்தான். அதற்குள் யாருக்கு என்ன வேறு வேலை வந்துவிடப் போகிறது?

அந்த வருஷம்தான் சம்மாட்டி, அதாவது படகின் சொந்தக்காரர், கம்ப்ரசர் வாங்கிப் போட்டார். லாரி டயருக்குக் காற்றடிக்கிற அதே சாமான்தான். படகு எஞ்சின் ஓட ஓட அதுவும் ஓடும், நீளமான மஞ்சள் டியூப் வழியாகக் காற்று கீழே போகும். அப்பா டியூப்பின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீந்துவதற்குக் காலில் அலுமினியத் தகடு கட்டிக்கொண்டு இறங்கினால் ஒரு மணி நேரம் அடியிலேயே இருந்து சங்கு பொறுக்கலாம். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் மூச்சில் டீசல் வாடை அடித்தது. பக்கத்தில் போய் உட்கார எனக்கு என்னவோ போல இருக்கும்.

கீழே இருக்கிறவருக்கு ஒரு மணி நேரம் வேலை. மேலே கயிறு பிடிக்கிறவருக்கு ஒரு மணி நேரம் சும்மா. மாமாவைப் போன்ற ஒருவருக்கு அது எப்படிப்பட்ட தண்டனை என்று யாரும் யோசிக்கவில்லை.

முதல் வாரமே அவர் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டார். சம்மாட்டி அதைக் கரையில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். "கயிறு கால்ல, கரண்டி கையில. கொழம்பும் கொதிச்சாச்சு, எஞ்சினுக்கு ஆயிலும் விட்டாச்சு. இவன மாதிரி இன்னொருத்தன் கெடைப்பானாலே? கெட்டிக்காரன்னா இவன்தான் கெட்டிக்காரன்." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அப்பா கால் தகட்டில் ஒட்டிய மணலைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துவிட்டு வந்து மாமாவின் முன்னால் நின்றார்.

"மாப்ள, கயித்தக் கையில பிடி."

"கால்லயும் உணர்ச்சி இருக்குல்லா அத்தான். நீங்க லேசா இழுத்தாலே எனக்குத் தெரியுது."

"கையில பிடி. ரெண்டு கையிலயும் பிடி."

"ஒரு மணி நேரம் கயித்தையே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியளா? பைத்தியம் பிடிச்சிரும்."

"பிடிக்கட்டும்," என்றார் அப்பா.

சம்மாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா வேடிக்கையாகப் பேசிவிட்டார் என்று நினைத்தார்கள் போல. அவர் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும், அது வேடிக்கை இல்லை. எனக்கு அன்றைக்கு அப்பாமேல்தான் எரிச்சல் வந்தது. மாமாவை எல்லோரும் பாராட்டுவது இவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாம்பல் புதன் கழிந்து பத்து நாள் இருக்கும். மூக்கடியில் ரத்தம் காய்ந்திருக்க அப்பா வீட்டுக்கு வந்தார். தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

"மூணு தடவ இழுத்தேன்," என்றார் அம்மாவிடம். மூன்று இழுப்பு என்றால் மேலே தூக்கு என்று அர்த்தம். "பதிலுக்கு ஒரு இழுப்புகூட வரல. நானாத்தான் ஏறி வந்தேன்."

"நீரோட்டமா இருந்துச்சுன்னு தம்பி சொல்லுதான்," என்றாள் அம்மா.

"நீரோட்டம் இல்ல."

"அப்ப எங்கூடப் பொறந்தவன நான் சந்தேகப்படணுமா? ஆள மாத்தணும்னு சொல்லுதியளா? ஊரு என்ன பேசும், கயிறு பிடிக்க வக்கில்லாத குடும்பம்னு எங்க வீட்டத்தான பேசும்?"

அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். பேச்சில் அம்மாவை ஜெயிக்க அவரால் ஒருநாளும் முடிந்ததில்லை. அம்மாமேல் தப்பு என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி, நடுவில் நின்றவள் அவள். மறுநாள் அப்பா அதே படகில் போனார், மாமா அதே கயிற்றைப் பிடித்தார்.

இனிமேல் சொல்லப் போவதில் என் பங்கு வருகிறது.

சிப்பி வேலைப் போட்டிக்கு நான் ஒரு பிஸ்கட் டப்பா எடுத்துவைத்திருந்தேன். அதன் மூடியில் வெள்ளைச் சோழியால் குருசு ஒட்டுவது என்று முடிவு. நம் கரையில் பொறுக்குகிற சோழி தேய்ந்து மங்கலாக இருக்கும். அடியிலிருந்து வருவதுதான் பல்லைப் போலப் பளபளக்கும். அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் சங்கு போடுகிற வலைப்பையின் கிழிசலைத் தைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"கீழ போனா எனக்குச் சங்கு மட்டுந்தாம்மா தெரியும். வேற எதையும் பாக்க மாட்டேன்."

"ஒரு பிள்ளைக்காக இதுகூடப் பாக்க மாட்டியளாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக மாமாவிடம் போனேன்.

"ஏளா, இம்புட்டுத்தானா?" என்றார் மாமா. "வலப்பையில சங்கோட சேந்து மண்ணும் சோழியும் வரத்தான செய்யுது. சாக்கக் கொட்டிக் கிண்டினா கெடச்சிட்டுப் போகுது."

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் கரையில் போய் நிற்பேன். மாமா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்ப்பார். மூன்று சோழி, நான்கு சோழி, ஒருநாள் ஏழு. கடல் ஈரம் காயாமல் இருக்கும். நான் மைதாப் பசை காய்ச்சி ஒவ்வொன்றாக ஒட்டினேன். குருசின் இரண்டு கையும் முடிந்தது, மேல்பக்கம் முடிந்தது, கீழே மட்டும் ஆறுக்கு இடம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கரையில் வைத்து மாமாவிடம் சொன்னேன். "நாளைக்கு ஆறு வேணும் மாமா. ஆறும் ஒரே அளவுல. மறந்துராதிய."

"மருமவ கேட்டு மாமன் மறப்பேனா?"

பத்தடி தள்ளி அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். இது அவர் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள், குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது. கருவாடு காயப்போடுகிற பெண்களோடு நான் கரையில் இருந்தேன். பத்து மணிகூட ஆகியிருக்காது, எங்கள் படகு வருவது தெரிந்தது. மூன்று மணிக்கு முன்னால் வருகிற படகு இல்லை அது. பெண்கள் கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள். ஒருத்தி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தாள். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

அப்பா சாக்குகளின்மேல் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. "கால் எங்கன இருக்கு?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். தோள் பக்கம் பிடித்தவர் மாமா. என் முன்னால் வரும்போது அவர் குனிந்ததில், சட்டைப் பையிலிருந்த கைக்குட்டை நழுவிக் கீழே விழுந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

மணலில் ஆறு வெள்ளைச் சோழி. ஆறும் ஒரே அளவு.

மாமா பார்த்தார். நான் பார்த்தேன். பின்னால் அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடி வருகிற சத்தம் கேட்டது. நான் ஒரு காலை எடுத்து அவற்றின்மேல் வைத்தேன். அழுத்தினேன். மணல் சுட்டது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள், கரை முழுவதும் பின்னால் ஓடியது, நான் போகவில்லை. காலை எடுத்தால் தெரிந்துவிடும் என்று அங்கேயே நின்றேன். என்னைப் பெற்றவர் உயிரோடு இருக்கிறாரா என்று போய்ப் பார்க்காமல் நின்றேன்.

உயிர் இருந்தது. ஆனால் அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்ததால் இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். காற்று நின்றுபோனால் வேறு எப்படி வருவது? அடியில் நிற்க இடுப்பில் கட்டியிருந்த ஈயக்கட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அப்பா ஏறியிருக்கிறார்.

காற்று ஏன் நின்றது என்று ஊர் கேட்டதற்கு மாமா சொன்ன பதில் இது. திடீரென்று எஞ்சின் நின்றுவிட்டது, கம்ப்ரசரும் நின்றுவிட்டது, ஒரு கையில் ஸ்பேனரும் ஒரு கையில் கயிறுமாகத் தான் போராடியதாகச் சொன்னார். முன்பக்கம் தூங்கிக்கொண்டிருந்த சம்மாட்டியும் ஆமாம் என்றார். ஆமாம் என்று சொல்லாவிட்டால் தூங்கியதைச் சொல்ல வேண்டியிருக்கும். "எட்டுக் கை இருந்ததால அத்தான உயிரோட கொண்டுவந்தான், வேற எவனா இருந்தாலும் பொணந்தான் வந்திருக்கும்" என்று தெருவே பேசியது. கெட்டிக்காரன், கெட்டிக்காரன். அம்மா மாமாவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

டப்பாவைக் கடலில் எறிந்தேன். அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டது. மறுபடியும் எறிந்தேன். மறுநாள் காலையில் அம்மா அதைக் கரையில் கண்டெடுத்து, "பிள்ள பாடுபட்டு ஒட்டினது, அப்பா நெனப்புல எங்கயோ போட்டுட்டா" என்று துடைத்து, செபமாலை போட்டுவைக்க அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். கீழே ஆறு சோழிக்கு இடம் காலியாக, அந்தக் குருசு பதின்மூன்று வருஷம் அப்பாவின் கண்ணெதிரில் இருந்தது.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வலை பின்னினார். மாமா அதற்கப்புறம் கடலுக்குப் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பகலில் துறைமுகத்தில் மூட்டை ஏற்றினார், சாயங்காலம் முத்தையாபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் பழுது பார்த்தார், நடுவில் எங்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். என்னைப் படிக்க வைத்தவர் அவர். ஒவ்வொரு வருஷமும் குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் அப்பா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"மாப்ள, அன்னைக்கு ஒங் கையில என்ன இருந்துச்சு?"

"ஸ்பேனரு அத்தான்."

"சரி," என்பார் அப்பா. அவ்வளவுதான். காபி டம்ளரோடு நிற்கிற நான் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவேன்.

கடைசி வருஷம் மாமா போன பிறகு என்னை நிறுத்தினார். கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "தண்ணிக்குள்ள எஞ்சின் சத்தம் நல்லா கேக்கும்மா. அன்னைக்கு அது நிக்கவே இல்ல" என்றார்.

"அப்படியாப்பா?" என்றேன்.

டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வலையை எடுத்து, விட்ட முடிச்சைப் போட ஆரம்பித்துவிட்டார். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். சொல்லியிருக்க மாட்டேன். நான் கோழை. அந்த ஆவணியில் அவர் போய்ச் சேர்ந்தார்.

இப்போது மாமா என் வீட்டில்தான் இருக்கிறார். எழுபதைத் தாண்டியாயிற்று. இரண்டு வருஷமாக ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. அக்கா பெயர் போய்விட்டது, அவள் இறந்ததும் போய்விட்டது. என்னையும் சில நாள் பத்து வயசுப் பிள்ளை என்றுதான் நினைக்கிறார். இந்தத் தவக்காலம் தொடங்கியதிலிருந்து படுக்கை விரிப்பின் ஓரத்தை முறுக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். விடுவதே இல்லை. "சாக்க எடுல, டியூப்பு மேல சாக்கு கெடக்குல" என்று தனக்குத்தானே அதட்டிக்கொள்கிறார். சங்குச் சாக்கு. கொட்டிக் கிண்டுவதற்காக இழுத்த சாக்கு, காற்று போகிற டியூப்பை நசுக்கிக்கொண்டு. நாற்பது வருஷம் கழித்து அப்பாவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது இப்படித்தான்.

நேற்று உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு எழுந்து, சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. விரிப்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. ஒரு ஈ அவர் நெற்றியில் உட்கார்ந்தது, அதைக்கூட ஓட்டவில்லை.

"மாமா, வாயத் தெறங்க. ஒரு வாய் வாங்கிக்கோங்க."

"பேச்சுக் குடுக்காதளா. அத்தான் கீழ இருக்காரு."

அடுப்படியில் போன் அடித்தது. உங்களில் ஒருத்திதான். அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

"மாமா, எனக்குச் சோழி வேண்டாம்."

அவர் திரும்பவில்லை. இரண்டு கையும், இரண்டு கண்ணும் அந்த முறுக்கின்மேலேயே இருந்தன.

"அத்தான் இன்னும் இழுக்கலளா," என்றார்.